முதல் இணையத்தளம் அமைத்தலும் காத்தலும்

ஏடு எழுதினோர் ஒருபுறமிருக்க, அவ்வேட்டைப் படியெடுத்துக் காத்தோர் தமிழுக்குச் செய்த உபகாரம் மிகப் பெரிது. கறையானும் ஈரக்காற்றும் ஓலையை உண்ணுமுன் வேறோர் ஓலையில் அதனை எழுதி வைத்தவர்களின் பெயர்களை நாம் அறியோம். அவர்கள் எழுதி வைத்த நூல்களையே இன்று படிக்கின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் உ. வே. சாமிநாதையரவர்களும் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்து அச்சேற்றியிராவிடின், நம் பழைய இலக்கியங்களுட் பல இன்று பெயரளவில் நின்றிருக்கும். ஓலையிலிருந்து தாளுக்கு மாறிய காலத்தில் அப்பெரியோர் செய்த பணியை, தாளிலிருந்து கணினிக்கு மாறும் இக்காலத்தில் நாம் ஒவ்வொருவரும் நம்மால் இயன்ற அளவிற் செய்யக் கடமைப்பட்டவர்களாயிருக்கின்றோம்.

இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனக் கேட்ட பழைய மாணவர் சங்கத்தார், முதன்முதலாக இணையத்தளம் அமைக்க விரும்பும் மாணவர்க்கு அது பயன்பட வேண்டுமென்றும் பணித்தனர். தமிழாசிரியருக்கு இப்பொருளில் என்ன தகுதி என்று வாசகர் வினவுதல் நியாயமே. ஆசிரியர் கலாசாலையில் நாம் கற்றவை இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தல் முறையுமாகும், கணினி அன்று. ஆயினும் நாமும் ஓர் இணையத்தளத்தை அமைத்தோம், அதனை இழந்தோம், ஒரு பகுதியை மீட்டோம். அந்த இழப்பினாற் பெற்ற அறிவே இப்பாடத்தை எழுதுதற்கு எமக்குள்ள தகுதி.

1. இணையத்தளம் என்பது யாது?

இணையத்தளம் வானத்தில் மிதப்பதன்று. அது ஏதோவொரு நாட்டில், ஏதோவொரு கட்டிடத்தில், இரவும் பகலும் நிறுத்தப்படாமல் இயங்கும் ஒரு கணினியில் வைக்கப்பட்டுள்ள கோப்புகளின் தொகுதியே. அக்கணினியை வழங்கி என்பர். நாம் நம் கைத்தொலைபேசியிலோ மடிக்கணினியிலோ ஒரு முகவரியை இடும்போது, உலாவி என்னும் மென்பொருள் அவ்வழங்கியிடம் சென்று, ‘இன்ன பக்கத்தைத் தருக’ என்று கேட்கின்றது. வழங்கி அக்கோப்பின் படியொன்றை அனுப்புகின்றது. உலாவி அதனை வாசித்து, தலைப்பைத் தலைப்பாகவும் பந்தியைப் பந்தியாகவும் நமக்குக் காட்டுகின்றது. இவ்வளவே நடப்பது. நூலகத்திற் சீட்டைக் கொடுத்து நூலைப் பெறுவது போன்றது. நூலகம் பூட்டப்பட்டால் நூல் கிடையாது என்பதும் இரண்டுக்கும் பொதுவாகும்.

இம்முறையை வகுத்தவர் ரிம் பேர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ண் என்னும் பௌதிக ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய அவர், ஆய்வாளரின் ஆவணங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் திட்டத்தை 1989 மார்ச்சில் எழுத்தில் முன்வைத்தார். 1990 முடிவதற்குள் முதல் வழங்கியும் முதல் இணையத்தளமும் இயங்கலாயின. அத்தளத்திற் படமில்லை, நிறமில்லை, அலங்காரமில்லை. இவ்வமைப்பு யாது, இதனை எவ்வாறு பயன்படுத்துவது என்னும் விளக்கமே அங்கு எழுதப்பட்டிருந்தது. 1993 ஏப்பிரல் 30 ஆந் திகதி, இத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாமென அந்நிலையம் அறிவித்தது. உலகெங்கும் இது பரவியதற்கு அவ்வறிவிப்பு ஒரு பெருங் காரணமாயிற்று.

அந்த முதற்பக்கத்துக்கு நேர்ந்த கதி கவனிக்கத்தக்கது. பக்கத்தைத் திருத்தும்போதெல்லாம் பழைய படியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்திலது. ஆதலால், 2013 இல் சேர்ண் நிலையத்தார் முதல் தளத்தை அதன் பழைய முகவரியில் மீண்டும் நிறுவ முயன்றபோது, 1992 ஆம் ஆண்டுப் படியையே அங்கு ஏற்றினர். இணையத்தைப் படைத்த இடத்திலேயே முதற்பக்கத்தின் முதல் வடிவம் பேணப்படவில்லையெனின், ஏனையோர் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

2. தமிழ் இணையம் ஏறிய வரலாறு

இத்துறையில் முன்னோடியாக நின்றவர்களுள் ஒருவர் தமிழாசிரியர் என்பது நமக்குப் பெருமை தருவதொன்றாகும். சிங்கப்பூரைச் சேர்ந்த நா. கோவிந்தசாமி அவர்கள் சிறுகதை எழுத்தாளர். தமிழாசிரியராயிருந்து பின்னர் ஆசிரியர்க்குப் பயிற்சி அளிக்கும் கல்விக்கழகத்தில் விரிவுரையாளராய் விளங்கியவர். கணினியைத் தம் முயற்சியாற் கற்றுக் ‘கணியன்’ என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கினார். சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளையும் கொண்ட இணையத்தளம் 1995 ஒக்டோபரில் அந்நாட்டு அதிபரால் தொடக்கி வைக்கப்பட்டபோது, அதிலிடம்பெற்ற தமிழ்ப் பக்கங்கள் அவருடைய உழைப்பால் அமைந்தவை. இணையத்திற் தமிழ் எழுத்துத் தோன்றிய வரலாற்றைக் கூறுவோர் இந்நிகழ்ச்சியிலிருந்தே பெரும்பாலும் தொடங்குவர். 1999 இல் அவர் காலமானார்.

1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடக்கினார். பல நாடுகளிலுமுள்ள தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டச்சிட்டும் பிழை பார்த்தும் உதவ, சங்க இலக்கியம் முதலிய நூல்கள் எவரும் இலவசமாகப் படிக்கும் வண்ணம் அத்தளத்தில் ஏறின. தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தோன்றியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் அவர்கள் அதன் தொடக்க காலந்தொட்டு உழைத்து அதனை வளர்த்தார். 2005 இல் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் பேணுதற்கென ‘நூலகம்’ தொடங்கப்பெற்றது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அத்தகைய இழப்பைக் கண்ட மக்களுக்கு, ஒரு நூலின் ஒரே படியை ஒரே இடத்தில் வைத்திருத்தல் எத்துணை அபாயமென்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

3. எதனை எழுதுவது?

தொடங்குவோர் பெரும்பாலும் தளத்தின் நிறம் யாது, படம் எங்கே நகரவேண்டும் என்பவற்றிலேயே காலத்தைக் கழிப்பர். வீடு கட்டுமுன் வாசற் கோலத்துக்கு மாவரைப்பது போன்ற செயல் அது. முதலில் வினவ வேண்டியது, ‘நம்மிடம் உள்ளதும் பிறரிடம் இல்லாததும் யாது?’ என்பதே.

மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் வாழும் நமக்கு இவ்வினாவிற்கு விடை காண்பது அரிதன்று. எழுவான்கரையின் மீனவர் வலைகளுக்கு வழங்கும் பெயர்கள், படுவான்கரையின் வயல்வெளிச் சொற்கள், கண்ணகி அம்மன் கோயிற் சடங்கு முறைகள், வடமோடி தென்மோடிக் கூத்துக்களின் தருக்கள், பாட்டிமார் சொல்லும் மருந்துகள் ஆகிய இவற்றுட் பல இன்னும் எழுத்தில் ஏறாதவை. எவ். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962 இல் ‘மட்டக்களப்பு மான்மிய’த்தைப் பதிப்பித்ததும், வி. சீ. கந்தையா அவர்கள் 1964 இல் ‘மட்டக்களப்புத் தமிழக’த்தை வெளியிட்டதும் இவ்வுணர்ச்சியினாலேயே. அவர்கள் அச்சகத்தை நாடினர். இன்று ஒரு மாணவன் தன் வீட்டு மேசையிலிருந்தே வெளியிடலாம். கருவி எளிதாயிற்று, பொறுப்பு எளிதாகவில்லை.

எழுதுவதற்கு முன் இரண்டு கடமைகளுண்டு. முதலாவது, பொருளைத் தந்தவரிடம் அனுமதி பெற்று அவர் பெயரைக் குறித்தல். இரண்டாவது, பிறருடைய வீட்டு முகவரி, தொலைபேசி எண், சிறுபிள்ளைகளின் படம் முதலியவற்றை உரியவர் இசைவின்றி வெளியிடாதிருத்தல். ஒருமுறை வெளியேறியதை முழுதும் மீளப் பெறுதல் அரிது.

4. முதற் பக்கம்

ஆயத்தமான மென்பொருள்கள் பல உள. வேர்ட்பிரஸ் என்பது 2003 இல் தோன்றி இன்று உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது. அதனைக் கொண்டு ஒரு நாளிலேயே அழகிய தளத்தை அமைக்கலாம். ஆயினும் முதற்பக்கத்தைக் கையால் எழுதிப் பழகுமாறு நாம் அறிவுறுத்துவோம். கையால் எழுதியவனுக்கே பக்கம் எதனால் ஆனதென்பது விளங்கும். விளங்கியவனுக்கே அது பழுதுற்றாற் திருத்தவும், வேறிடத்துக்கு எடுத்துச் செல்லவும் இயலும்.

இணையப்பக்கம் எழுதப்படும் முறைக்கு எச்.ரி.எம்.எல். என்று பெயர். கணினியில் உள்ள நோட்பாட் போன்ற எளிய எழுதியே அதற்குப் போதுமானது. நாம் எழுதும் உரையின் எப்பகுதி தலைப்பு, எப்பகுதி பந்தி என்பதைக் கோணவடைப்புக்குள் இட்ட சிறு குறிகளால் உணர்த்துகின்றோம். பந்தி தொடங்குமிடத்தில் ‘பீ’ என்னும் ஆங்கில எழுத்தைக் கோணவடைப்புக்குள் இடுக. பந்தி முடியுமிடத்தில் அவ்வெழுத்துக்கு முன் ஒரு சாய்கோடு சேர்த்து மீண்டும் இடுக. தலைப்புக்கு ‘எச்’ என்னும் எழுத்தும் ஒன்று என்னும் எண்ணும். உபதலைப்புக்கு ‘எச்’சும் இரண்டும். வேறொரு பக்கத்துக்கு வழிகாட்டும் இணைப்புக்கு ‘ஏ’ என்னும் எழுத்து. மேற்கோட்குறியைத் திறந்தவன் மூடவேண்டுமென்று வகுப்பிற் கற்பிக்கின்றோமல்லவா? அவ்விதியே இங்கும். தொடக்கநிலையாளர் செய்யும் பிழைகளுட் பாதிக்கு மேல் மூடாது விட்ட குறிகளால் வருவன என்பது வகுப்பறையில் நாம் கண்ட உண்மை.

கோப்பைச் சேமிக்கும்போது முதற்பக்கத்துக்கு ‘இன்டெக்ஸ்’ என்னும் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தால் இடுதல் வழக்கு. வழங்கி அப்பெயரையே முதலில் தேடும். ஏனைய கோப்புகளின் பெயர்களில் இடைவெளி விடாதிருத்தல் நன்று. கைத்தொலைபேசியில் எடுத்த படங்களைச் சுருக்கியே ஏற்றுக; படுவான்கரையின் உட்கிராமத்திலே குறைந்த வேகத்தில் இணையத்தைப் பெறும் மாணவனை நினைத்துக்கொள்க. ஒவ்வொரு படத்துக்கும் ஒருவரி விளக்கம் எழுதுக. பார்வையற்றோரின் கணினி அவ்விளக்கத்தையே அவர்க்கு வாசித்துக் காட்டும். இவற்றைச் செய்தபின் அக்கோப்பை உலாவியிற் திறந்து பார்த்தால், இணைய இணைப்பு இன்றியே பக்கம் நம் கணினியிற் தோன்றும். பிழைகளையெல்லாம் அங்கேயே திருத்திய பின்னர் வழங்கிக்கு ஏற்றலாம்.

5. எழுத்தின் இயல்பு

தமிழில் எழுதுவோர் மிகக் கவனிக்க வேண்டியது இப்பகுதி.

கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்னும் உடன்பாடு இருந்தாலன்றி ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்தல் இயலாது. முன்னாளில் அவ்வுடன்பாடு பொதுவாக இருந்திலது. ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு முறையைக் கையாண்டது. இலங்கையிற் பெரிதும் வழங்கிய ‘பாமினி’ எழுத்துருவில், ‘தமிழ்’ என்னும் சொல் கணினியினுள்ளே ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதியும். அவ்வெழுத்துரு இருக்கும் கணினி அதனைத் ‘தமிழ்’ எனக் காட்டும். இல்லாத கணினி பொருளற்ற ஆங்கில எழுத்து வரிசையைக் காட்டும். தேடுபொறியும் அதனைத் தமிழென்று அறியாது. தமிழ் வேடம் புனைந்த ஆங்கில எழுத்துக்களே அவை; வேடம் கலைந்தால் கூத்தும் முடிந்தது.

இக்குறையை நீக்கியது ஒருங்குறி. யுனிகோட் எனப்படும் இவ்வமைப்பின் 1991 ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதி ஒதுக்கப்பட்டது. ஆயினும் சாதாரண கணினிகளில் அது நன்கு இயங்கும் நிலை வரச் சில ஆண்டுகள் சென்றன. இப்பொழுது கணினியிலும் கைத்தொலைபேசியிலும் தமிழ் இவ்வமைப்பிலேயே எழுதப்படுகின்றது.

இலக்கணம் கற்ற மாணவர்க்கு இங்கே ஒரு வியப்புண்டு. ககர மெய்யோடு அகர உயிர் சேர்ந்து ‘க’ என்னும் உயிர்மெய் பிறக்கும் என்பது நம் இலக்கணம். ஒருங்குறியிலோ ‘க’ என்பதே அடிப்படை எழுத்து. அதனோடு புள்ளி என்னும் தனிக்குறி சேர்ந்தாலே ‘க்’ பிறக்கும். இலக்கணம் ஒலியை நோக்கியது. ஒருங்குறி வடிவை நோக்கியது. எனவே 247 எழுத்துக்களுக்கும் தனித்தனி இடம் தேவைப்படவில்லை. உயிர், அகரமேறிய மெய், ஆய்தம், புள்ளி, உயிர்க்குறிகள் என்பவற்றால் அனைத்தையும் எழுதலாம்.

இதிலிருந்து ஒரு பயன்பாட்டு விதியையும் அறியலாம். கண்ணுக்கு ஒத்துத் தோன்றுவன எல்லாம் கணினிக்கு ஒன்றல்ல. ‘ஔவையார்’ என்பதற்குரிய ஔகாரத்தைப் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு எழுதிவிடுகின்றனர். காகிதத்தில் அப்பிழை கண்ணுக்குப் புலப்படாது. கணினியிலோ அது வேறு சொல். ஔவையாரைத் தேடுபவருக்கு அப்பக்கம் கிடையாமற் போகலாம். ஆதலின் இணையத்திற்கு எழுதுவோர் எழுத்துப் பிழையைப் பழைய அச்சுக்கோப்போரினும் கூர்மையாக நோக்குதல் வேண்டும். கோப்பைச் சேமிக்கும்போது யூ.ரி.எஃப்.-8 என்னும் முறையைத் தெரிந்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதனைக் குறித்து, பக்கத்தின் மொழி தமிழ் என்பதையும் அறிவித்துவிட்டால் எழுத்தைப் பற்றிய கவலை பெரும்பாலும் நீங்கும்.

6. முகவரியும் இடமும்

பக்கம் ஆயத்தமானபின் அதனை வைப்பதற்கு வழங்கியில் இடமும், அதனை அழைப்பதற்கு ஆள்களப் பெயரும் வேண்டும். ஆள்களப் பெயரை ஒருவரும் விலைக்கு வாங்குவதில்லை; குத்தகைக்கே பெறுகின்றனர். உரிய காலத்திற் புதுப்பிக்காவிடின் அது பிறர் கைக்குப் போகும். இலங்கைக்குரிய எல்.கே. என்னும் ஈற்றோடு, தமிழெழுத்தாலேயே ‘.இலங்கை’ என முடியும் முகவரிகளும் 2010 முதல் உண்டு என்பது நம் மொழிக்குக் கிடைத்த சிறப்பு.

இலவசமாக இடந்தரும் நிறுவனங்களும் உள. பழகுவதற்கு அவை ஏற்றவை. ஆனால் இலவச இடம், அதனைத் தருபவர் விரும்பும் வரையுமே நமது. ஜியோசிற்றீஸ் என்னும் சேவையில் 1990 களில் உலகெங்குமுள்ள எண்ணற்றோர் தம் முதற் பக்கங்களை அமைத்தனர். 2009 ஒக்டோபரில் அச்சேவை மூடப்பட்டது. ஆர்வலர் சிலர் விரைந்து படியெடுத்தமையால் ஒரு பகுதி தப்பியது.

பாடசாலைத் தளங்களுக்கு வேறொரு நோயுமுண்டு. ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் தம் மின்னஞ்சலைக் கொண்டு தளத்தைத் தொடக்குவார். கடவுச்சொல் அவர் ஒருவருக்கே தெரியும். அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றதும் தளம் அநாதையாகும். ஆதலின் தளத்தின் மின்னஞ்சல் நிறுவனத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். கடவுச்சொல் குறைந்தது இருவரிடமேனும் இருத்தல் வேண்டும். புதுப்பிக்கும் திகதி காரியாலய நாட்குறிப்பில் எழுதப்படல் வேண்டும்.

7. எமக்கு நேர்ந்தது

இவ்விதிகள் யாவற்றையும் மீறியவர்கள் நாம் என்பதை மறைத்தல் முறையன்று.

2008 ஆம் ஆண்டில் நாம் வாவியைக் கடந்து படுவான்கரைக் கிராமம் ஒன்றிற் கற்பித்து வந்தோம். மண்முனைத் துறையிலே அப்பொழுது பாலம் இல்லை. அது 2014 இலேயே திறக்கப்பட்டது. துவிச்சக்கர வண்டியோடு ‘பாதை’யில் ஏறிக் கடப்போம். அக்கிராமத்து முதிய அண்ணாவியார் ஒருவரிடம், பாரதக் கதையைத் தழுவிய வடமோடிக் கூத்தொன்றின் கொப்பி இருந்தது. 2007 இல் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, மாற்றுடையை விட்டுவிட்டு அக்கொப்பியையே சுமந்து சென்றவர் அவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1962 இல் ‘அலங்கார ரூபன் நாடக’த்தை அச்சிற் பதிப்பித்ததை அறிந்திருந்த நாம், இக்கொப்பியை இணையத்தில் ஏற்றினால் அத்தகைய பணியாகும் என்று எண்ணினோம்.

நான்கு மாதங்களாக 32 தருக்களையும் விருத்தங்களையும் தட்டச்சிட்டோம். எமக்குப் பழகிய பழைய எழுத்துருவிலேயே எழுதினோம். ஒருங்குறியைக் கற்கச் சோம்பினோம். இலவச இடமொன்றில் ஏற்றினோம். அண்ணாவியாரை நகருக்கு அழைத்து வந்து கணினித் திரையிற் காட்டினோம். அவர் தம் தருவைத் திரையிற் பார்த்துத் தாளத்தோடு மெல்லப் பாடினார். பின்னர், “தம்பி, இது இப்ப எங்க கிடக்கு?” என்று கேட்டார். “உலகம் முழுக்கக் கிடக்கு, அண்ணாவியார்” என்றோம். மாணவர்கள் கைதட்டினர்.

அம்மறுமொழி பொய். அது எங்கோ ஒரு கணினியில், ஒரேயொரு படியாக, எவரோ ஒருவரின் விருப்பத்தின் கீழ்க் கிடந்தது.

2011 சனவரி வெள்ளத்திற் படுவான்கரை நீரில் மூழ்கியபோது அண்ணாவியாரின் வீட்டினுள்ளும் வெள்ளம் புகுந்தது. கொப்பி கூழாயிற்று. “இன்டர்நெட்டில கிடக்குத்தானே” என்று அவர் எம்மைத் தேற்றினார்! அடுத்த ஆண்டு அவர் காலமானார். அவருடைய முதலாண்டுத் திவசத்திற்கு ஒரு சிறு நூல் அச்சிடலாமென்று தளத்தைத் திறந்தோம். அங்கே ஒன்றுமில்லை. இலவசச் சேவை நிறுத்தப்படுவது பற்றிய அறிவித்தல், நாம் திறந்து பாராது விட்ட பழைய மின்னஞ்சலில் மாதக்கணக்காகக் கிடந்தது. தட்டச்சிட்ட கோப்புகள் இருந்த கணினியின் வன்தட்டும் முன்னரே பழுதுற்றிருந்தது. பிறரைக் குறைகூற இடமில்லை. பிழை முழுவதும் எம்முடையதே.

பழைய மாணவர் ஒருவரே வழி காட்டினார். அமெரிக்காவில் 1996 இல் தொடங்கப்பெற்ற இன்டர்நெற் ஆர்க்கைவ் என்னும் இலாபநோக்கற்ற நிறுவனம், உலகின் இணையப்பக்கங்களை அவ்வப்போது படியெடுத்து வைக்கின்றது. 2001 முதல் எவரும் அப்படிகளைப் பார்க்கலாம். எமது பழைய முகவரியை அங்கே இட்டபோது 32 பாடல்களுள் 19 பாடல்களின் பக்கங்கள் கிடைத்தன. ஆனால் தோன்றியவை ஆங்கில எழுத்து வரிசைகள்! எழுத்துரு மாற்றியைக் கொண்டு அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினோம். புள்ளி வீழ்ந்த இடங்களும் குறில் நெடில் மயங்கிய இடங்களும் பல. தருவின் சந்தத்தையும் எதுகையையும் துணைக்கொண்டு, பழைய ஏட்டைப் பார்ப்பவர்போல் ஒவ்வோர் அடியாக நிரப்பினோம். தமிழாசிரியருக்கு இத்துறையில் வேலையில்லை என்று இனி ஒருவரும் சொல்லற்க.

எஞ்சிய 13 பாடல்கள் கிடைத்தில.

8. காக்கும் முறை

அவ்விழப்பினின்று நாம் வகுத்துக்கொண்ட முறை இது.

முதலாவது: எதற்கும் மூன்று படிகள் வேண்டும். ஒன்று வழங்கியில், ஒன்று நம் கணினியில், ஒன்று வேறோர் ஊரில். 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 டிசெம்பர் 26 ஆந் திகதிக் கடற்கோளையும் கண்ட நம்மவர்க்கு, ‘வேறோர் ஊரில்’ என்பதன் காரணத்தை விளக்க வேண்டுவதில்லை. எழுவான்கரையில் இருப்பவர் ஒரு படியை மலைநாட்டிலோ கொழும்பிலோ வாழும் நண்பரிடம் கொடுத்து வைக்கலாம்.

இரண்டாவது: உரையை ஒருங்குறியில், அலங்காரமற்ற எளிய கோப்பாகவும் வைத்திருத்தல் வேண்டும். மென்பொருள்கள் மாறும், எளிய உரைக்கோப்பை எக்காலத்தும் திறக்க இயலும்.

மூன்றாவது: நம்மினும் நெடுங்காலம் நிலைக்கத்தக்க நிறுவனங்களிடம் ஒரு படியை ஒப்படைத்தல் வேண்டும். ஊர் நூல்களையும் மலர்களையும் நூலகம் தளத்தாருக்கு வழங்கலாம். இன்டர்நெற் ஆர்க்கைவ் தளத்தில் நம் பக்கத்தின் முகவரியை நாமே இட்டு, ‘இதனைச் சேமித்துக்கொள்க’ என்று கேட்கலாம், அதற்குக் கட்டணமில்லை.

நான்காவது: அரியவற்றைத் தாளிலும் அச்சிட்டு நூலகத்தில் வைத்தல் வேண்டும். மின்சாரம் வேண்டாத வடிவம் அது ஒன்றே.

ஐந்தாவது: ஆண்டுக்கு ஒரு நாள் குறித்துச் சோதித்தல் வேண்டும். பாடசாலைகளில் வாணி விழாவன்று புத்தகங்களை அடுக்கிப் பூசை செய்கின்றோம். அவ்வாரத்திலே தளத்தைத் திறந்து பார்த்து, அறுந்த இணைப்புகளைத் திருத்தி, புதிய படியெடுத்து, ஆள்களப் பெயரின் முடிவுத் திகதியையும் நோக்குதல் கலைமகளுக்குச் செய்யும் பூசையேயாகும்.

9. முடிவுரை

காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானப் பட்டதாரியாயும் தமிழ்ப் பேராசிரியராயும் விளங்கினார். மறைந்துபோன யாழின் இலக்கணத்தைக் கணக்கும் பௌதிகமும் துணையாகக் கொண்டு ஆராய்ந்து, தம் வாழ்நாளின் இறுதியாண்டாகிய 1947 இல் ‘யாழ் நூல்’ என அளித்தார். விஞ்ஞானம் வேறு, தமிழ் வேறு என்னும் எண்ணம் அவரிடத்தில் இருந்திலது. நம் மாணவரிடத்தும் இருத்தலாகாது. கணினி கற்கும் மாணவன் ஊரின் பழையவரிடம் சென்று கேட்கவும், தமிழ் கற்கும் மாணவன் ஒரு பக்கத்தைத் தன் கையால் எழுதி ஏற்றவும் வேண்டும்.

மீண்ட 19 பாடல்களும் இப்பொழுது ஒருங்குறியில் உள்ளன. அவற்றின் படிகள் மூன்று ஊர்களில் இருக்கின்றன. எஞ்சிய 13 பாடல்கள் எவரேனும் ஒருவருடைய நினைவில் இன்னும் இருத்தல் கூடும். இம்மலர் பழைய மாணவர் பலரின் வீடுகளுக்குச் செல்லும். படுவான்கரைக் களரிகளில் வடமோடி ஆடிய தந்தையாரோ பாட்டனாரோ உங்கள் வீட்டில் இருப்பாராயின், இம்மலரை ஒருபுறம் வைத்துவிட்டு இன்று மாலையே அவரருகில் அமர்ந்து, அவர் பாடுவதைக் கைத்தொலைபேசியிற் பதிவு செய்க. எமது கூத்தாயிருக்க வேண்டுமென்பதில்லை. எக்கூத்தாயினும் பதிவு செய்க. பின்னர் அதனை எழுதுக, எழுதியதை ஏற்றுக, ஏற்றியதைப் படியெடுத்து வைக்க. “இது இப்போது எங்கே கிடக்கின்றது?” என்று அவர் கேட்பாராயின், எந்தெந்த இடங்களில் என்று விரல் மடக்கி எண்ணிக் காட்டத்தக்கதாக உங்கள் மறுமொழி இருக்கட்டும்.